நடுங்கும் கைகளும் நம் கடமையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

உழைப்பவனுக்குக் கையே முதல். நிலம் உள்ளவனுக்கு நிலம் இருக்கிறது. கடை உள்ளவனுக்குக் கடை இருக்கிறது. படித்தவனுக்குச் சான்றிதழ் இருக்கிறது. இவற்றுள் எதுவும் இல்லாதவனுக்குத் தோளும் கையும்தான் சொத்து. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் நம் வடசென்னை அத்தகைய கைகளால் ஆன ஊர். 1856ஆம் ஆண்டு இராயபுரத்தில் தென்னகத்தின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்ட நாள் தொட்டு, மூட்டை சுமந்த கைகள், வலை இழுத்த கைகள், இரும்பை உருக்கி ஒட்டிய கைகள், லாரியின் சக்கரத்தைப் பிடித்த கைகள் எத்தனை எத்தனை! நம் கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வந்திருக்கும் மாணவர்களை இங்கே அனுப்பி வைத்தவையும் அந்தக் கைகளே.

அப்படிப்பட்ட ஒரு கை, ஒரு நாள், காரணம் தெரியாமல் நடுங்கத் தொடங்கினால் என்ன நடக்கிறது?

நம் பகுதியில் அதற்கு மூன்று தீர்ப்புகள் ஆயத்தமாக இருக்கின்றன. "வயசாச்சு, நடுங்கத்தான் செய்யும்" என்பது முதல் தீர்ப்பு. "ராத்திரி ஊத்திக்கினு வந்திருப்பான்" என்பது இரண்டாவது. "ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கு" என்பது மூன்றாவது. மூன்றுமே மருத்துவர் வாயிலிருந்து வந்தவை அல்ல. மூன்றுமே அந்த மனிதனை மருத்துவரிடம் போகாமல் தடுப்பவை. உலகெங்கும் இந்த நோயைப் பற்றி நடக்கும் ஆராய்ச்சி எவ்வளவுதான் முன்னேறினாலும், இந்த மூன்று தீர்ப்புகளும் மாறாத வரை அதன் பயன் நம் தெருவுக்கு வந்து சேராது என்பது என் கருத்து. அதை விளக்கவே இக்கட்டுரை.

தெருவில் கண்டெடுத்த நோய்

1817ஆம் ஆண்டு இலண்டன் நகரில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் மருத்துவமனையில் கூடப் பார்க்கவில்லை. தெருவில் நடந்து போகும்போதுதான் கவனித்தார். முன்பக்கம் சாய்ந்த உடல், ஓடுவது போன்ற குறுநடை, சும்மா இருக்கும்போது ஆடும் கை ஆகியவற்றைக் கண்டு, இவை தனித்தனிக் கோளாறுகள் அல்ல, ஒரே நோயின் அடையாளங்கள் என்று அவர் கண்டுகொண்டார். பிற்காலத்தில் பிரெஞ்சு மருத்துவ மேதை சார்க்கோ அந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். ஆக, இன்று உலகம் அறிந்த பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. தெருவில் போகிறவனைக் கவனித்துப் பார்த்த ஒருவரின் கண்ணில் பிறந்தது. இதை நாம் மறக்கலாகாது.

மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு திட்டு இருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் கையை நீட்டுவதும், சட்டைப் பொத்தானைப் போடுவதும், திரும்பி நடப்பதும் தடையின்றி நடைபெற அந்தப் பொருள் வேண்டும். அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிவதே பார்க்கின்சன் நோய். அவற்றில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ அழிந்த பிறகுதான் நோய் வெளியே தெரிகிறது என்கிறார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை உணர்வு குறைதல், மலச்சிக்கல், தூக்கத்தில் கையும் காலும் வீசுதல் போன்றவை தோன்றக் கூடும். யார் இவற்றைக் கொண்டுபோய் ஒரு நரம்பு நோயோடு முடிச்சுப் போடுவார்கள்?

பெயர் நடுக்குவாதமாக இருந்தாலும் நடுக்கம் மட்டுமே இந்நோய் அன்று. அசைவு மெதுவாகிப் போவதே இதன் முதன்மையான அடையாளம். நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கும். எழுத்து வர வரச் சிறுத்துவிடும். முகம் சிரிப்பை மறந்தது போல் இருக்கும். குரல் தணியும். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளும் உண்டு. அதேபோல, நடுங்கும் கைகள் எல்லாமே பார்க்கின்சன் நோயும் அல்ல. தேநீர்க் குவளையைத் தூக்கும்போது மட்டும் ஆடும் கை பெரும்பாலும் வேறொரு வகை நடுக்கம்; பரம்பரையாக வருவதும் உண்டு. தைராய்டு மிகுதியால் நடுங்கலாம். தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளாலும் பார்க்கின்சன் நோய் போன்ற நிலை வரலாம். அதைக் கண்டுபிடித்து மருந்தை மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். குடியை திடீரென்று நிறுத்துபவனுக்கும் கை நடுங்கும். இத்தனை காரணங்களையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. தெருமுனையில் நிற்பவர்கள் இதற்கெல்லாம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பெரிய அநீதி!

இந்த ஆராய்ச்சியில் சென்னைக்கும் பங்குண்டு

மேல்நாட்டு விஞ்ஞானம் என்று இதை ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. ஏனெனில் இக்கதையில் நம் ஊரும் வருகிறது.

நம் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியை அறியாதவர் யார்? தொட்டால் அரிப்பெடுக்கும் அந்தக் காயின் விதையிலிருந்து 1937ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு அறிஞர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் எல்-டோபா. அது நோய்க்கு மருந்தாகும் என்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது. விதையில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆர்வம் ஒன்றே அவர்களைத் தூண்டியிருக்க வேண்டும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1957இல், சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்னும் மருந்தைக் கொடுத்து அவற்றை அசைவற்றுப் போகச் செய்தார். அந்த ரெசர்பினும் நம் நாட்டுச் சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து கிடைப்பதே. அசையாமல் கிடந்த முயல்களுக்கு டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்து நடமாடின! 1960இல் வியன்னா நகரில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, அங்கே டோபமைன் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர், டோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழியே கொடுத்து, நாற்காலியில் முடங்கியவர்களை நடக்க வைத்தார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

வேதியியல் மாணவர்களுக்கு இதில் இன்னொரு சுவையும் உண்டு. டோபமைன் குறைகிறதென்றால் டோபமைனையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது. அதன் முன்னோடியான டோபா தாண்டும். உள்ளே போனபின் ஒரு கார்பாக்சில் தொகுதியை இழந்து டோபமைனாக மாறும். அந்த மாற்றம் வழியிலேயே நடந்துவிடாமல் தடுக்கக் கார்பிடோபா என்னும் துணை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மேலும், ஒளியியல் மாற்றியங்கள் இரண்டில் எல்-வடிவம் மட்டுமே பயன்படும். அந்த ஒரு வடிவத்தை மட்டும் தொழிற்சாலை அளவில் தயாரிக்க வழிகண்ட வில்லியம் நோல்சுக்கு 2001ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வகுப்பில் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இடது, வலது வேறுபாடு, ஒரு மனிதன் எழுந்து நடப்பதற்கும் முடங்கிக் கிடப்பதற்கும் உள்ள வேறுபாடாகவும் இருக்கிறது!

அறுவை மருத்துவத்திலும் சென்னை பின்தங்கவில்லை. 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய டாக்டர் டி. எஸ். கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவர். மூளைக்குள் மின்முனையைப் பொருத்தித் தூண்டும் சிகிச்சையில் 1975ஆம் ஆண்டிலேயே அவர் முன்னோடியாக இறங்கினார். 2018இல் அவர் மறைந்தார். சென்டிரல் நிலையத்துக்கு எதிரே, இராயபுரத்திலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் அரசு மருத்துவமனையில் நடந்தவை இவை. ஆனால் நம்மில் எத்தனை பேர் கனகா என்ற பெயரைக் கேட்டிருக்கிறோம்?

இன்றைய ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அண்மை ஆண்டுகளில் இத்துறை வேகம் பிடித்திருக்கிறது. நோயுற்ற செல்களில் ஆல்பா-சைனுக்ளின் என்னும் புரதம் உருக்குலைந்து திரள்கிறது. முதுகுத்தண்டு நீரில் அப்புரதம் இருப்பதைக் காட்டும் ஒரு சோதனையை 1,123 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. பார்க்கின்சன் நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேரை அது சரியாகச் சுட்டியது. 2025ஆம் ஆண்டில், ஜப்பானின் கியோட்டோவில் ஏழு பேருக்கும், வட அமெரிக்காவில் பன்னிரண்டு பேருக்கும், குருத்தணுக்களிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களை மூளையில் வைத்துப் பார்த்த முடிவுகள் வந்தன. பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று அவை காட்டின. குணமாகும் என்று சொல்ல இன்னும் காலம் ஆகும்.

ஏமாற்றங்களும் உண்டு. நீரிழிவுக்குப் பயன்படும் ஒரு வகை மருந்து இந்நோயின் வேகத்தைத் தணிக்குமா என்று பார்த்தார்கள். அவ்வகையில் லிக்சிசெனடைட் என்னும் மருந்தை 156 பேரிடம் சோதித்த பிரெஞ்சு ஆய்வு 2024இல் சிறிது நம்பிக்கை தந்தது. அதே இனத்தைச் சேர்ந்த எக்செனடைடை 194 பேரிடம் 96 வாரம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு, பயன் ஏதும் காணவில்லை என்று 2025இல் அறிவித்தது. இதுதான் அறிவியலின் நேர்மை: நம்பிக்கையையும் அச்சிடும், ஏமாற்றத்தையும் அதே பக்கத்தில் அச்சிடும்.

ஆக, இன்று வரை நோயின் அழிவை நிறுத்தும் மருந்து இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் வந்த லெவோடோபாவே இன்றும் முதன்மையான மருந்து. 2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்நோயுடன் வாழ்ந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நோயாளிகள் இருமடங்காகிவிட்டனர் என்றும் அது கூறியது.

பெரிய நகரங்களில் நடக்கும் இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான முதற்படி உண்டு. நோயாளி 'எனக்கு இந்த நோய் இருக்கிறது' என்று அறிந்து ஒரு மருத்துவர் முன் வந்து உட்கார வேண்டும். நம் மக்கள் அந்த முதற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர்

எங்கள் தெருவில் வெல்டிங் வேலை செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார். வயது ஐம்பதைத் தொடவில்லை. முதலில் அவருக்கு வலத் தோள் இறுகியது, எண்ணெய் தேய்த்துக்கொண்டார். பிறகு கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல் தாமாகவே ஆடத் தொடங்கின. வேலையில் கருவியைப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும். கையைக் கீழே தொங்கவிட்டால் மறுபடியும் தொடங்கும். இந்நோயின் நடுக்கம் ஓய்வில்தான் மிகும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஆனால் அவர் வேலை செய்த பட்டறையில் அதற்கு வேறு பொருள் கொண்டார்கள். "வேலை செய்யும்போது ஆடலை, சும்மா நின்னா ஆடுது, நடிக்கிறான்" என்றார் ஒருவர். "காலையிலேயே போட்டுட்டு வராதே" என்றார் மேஸ்திரி. அவரோ குடியைத் தொடாதவர். சம்பளப் பதிவேட்டில் அவர் கையெழுத்து மாதா மாதம் சிறுத்துக்கொண்டே போனது. அதைப் பார்த்தவர்கள் பலர். கவனித்தவர் ஒருவரும் இல்லை.

வேலை போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, வேறு எதற்கோ சென்ற ஓர் அரசு மருத்துவமனையில், இளம் டாக்டர் ஒருவர் அவரைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டிக் காட்டச் சொன்னார். பத்துத் தட்டுக்குள் விரல்கள் ஓய்ந்து நின்றன. எழுந்து நடக்கச் சொன்னார். வலக் கை வீசவில்லை. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அவர் தாமாகவே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். அந்த அண்ணி என் அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மூணு வருசமா அவரு வெளியே குடிச்சுட்டு எங்கிட்ட மறைக்கிறாருன்னு நெனச்சிட்டேன்க்கா."

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் இழந்தது வேலையை மட்டுமா? வீட்டில் நம்பிக்கையை இழந்தார். தெருவில் மதிப்பை இழந்தார். அவர் மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போனான். நல்ல மதிப்பெண் எடுத்தவன். இந்நேரம் என் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன்.

தொழிலும் நோயும்

அவர் நோய்க்கு அவர் தொழில்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தனி மனிதனைக் காட்டி அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் குளோரின் தயாரிக்க நாம் பயன்படுத்தும் கரிய தூள் மாங்கனீசு டை ஆக்சைடு. 1837ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் சலவைத்தூள் தொழிற்சாலை ஒன்றில் அந்தக் கனிமத்தை அரைத்த தொழிலாளர் சிலருக்கு நடை தடுமாறி, குரல் மங்கி, உடல் முன்சாய்ந்ததை ஜான் கூப்பர் என்னும் மருத்துவர் எழுதி வைத்தார். மாங்கனீசுப் புகையும் தூசியும் மூளையைத் தாக்கும் என்பது அன்றே தெரிந்தது. டோபா மருந்தில் வெற்றி கண்ட அதே கோட்சியாஸ், சிலி நாட்டு மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளரையும் ஆராய்ந்தவரே.

வெல்டிங் கம்பியிலும் எஃகிலும் மாங்கனீசு உண்டு. வெல்டிங் புகையிலும் அது வெளிவருகிறது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கப்பல் கட்டும் தளங்களிலும் கனரக இயந்திரப் பட்டறையிலும் பணிபுரிந்த 886 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. யார் அதிகம் புகையை உட்கொண்டார்களோ அவர்களிடம் பார்க்கின்சன் நோய் போன்ற அடையாளங்கள் அதிக வேகத்தில் வளர்ந்தன என்பது அதன் முடிவு. இப்படி மாங்கனீசால் வருவது பார்க்கின்சன் நோயை ஒத்தது. ஆனால் முற்றிலும் அதுவே அன்று. லெவோடோபாவுக்கு அது நன்றாகக் கட்டுப்படுவதுமில்லை. எனவே வருமுன் காப்பதே அதற்கு வழி. இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோ எத்திலீன் என்னும் கரைப்பானைப் பற்றியும் 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அது கலந்த தண்ணீரைக் குடித்த அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் வீரர்களுக்கு, வேறொரு முகாமில் இருந்தவர்களைவிட, பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று கண்டார்கள்.

காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் இடங்களையும், திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் பட்டறைகளையும், எண்ணூர் வரை வரிசையாக நிற்கும் தொழிற்கூடங்களையும் நினைத்துப் பாருங்கள். மூடிய இடத்தில், முகத்துக்கு ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெல்டிங் செய்பவரை நாம் தினமும் பார்க்கிறோம். கைக்குட்டை பொறியைத் தடுக்கலாம், புகையைத் தடுக்காது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் மாங்கனீசு நஞ்சேற்றமும் இடம்பெற்றது. நோயைக் காணும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் நோயென்றே அறியப்படாததை யார் அறிவிப்பது? 'குடிகாரன்' என்று பெயரிட்டு வெளியே அனுப்பப்பட்டவன் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இன்று ஒரு பட்டறை, நாளை ஒரு பட்டறை என்று மாறும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம்.

சில மறுப்புகள்

"குணப்படுத்த முடியாத நோயைக் கண்டுபிடித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். நீரிழிவும் குணமாவதில்லை; அதற்காக நாம் சோதிக்காமல் இருக்கிறோமா? லெவோடோபா நோயை ஒழிக்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் ஆற்றல் நேரம் குறையும், தானே உடல் நெளியும் தொல்லையும் வரலாம். இருப்பினும் உழைக்கக்கூடிய பல ஆண்டுகளை அது மீட்டுத் தருகிறது. அன்றாடக் கூலிக்காரனுக்கு அந்த ஆண்டுகள்தான் பிள்ளைகளின் படிப்பு.

"தொழிற்சாலைகளைக் குறை சொன்னால் நம் சோற்றில் நாமே மண் போட்டுக்கொள்வதாகாதா?" என்பது இன்னொரு கேள்வி. என் தந்தையும் துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர்தாம். அந்தச் சோற்றில்தான் நானும் வளர்ந்தேன். தொழிற்சாலை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. புகைபோக்கியும் முகக்கவசமும் ஆண்டுக்கொரு பரிசோதனையும் வேண்டும் என்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளுவது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டபோது துறைமுகம் மூழ்கிவிடவில்லை. ஆனால் நிலக்கரி மறைந்தும் போகவில்லை; எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ஓரிடத்து மக்களின் மூச்சைக் காக்க இன்னோரிடத்து மக்களின் மூச்சைக் கேட்பது தீர்வாகுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, "நம் பூனைக்காலி இருக்கையில் மாத்திரை எதற்கு?" என்பார் உண்டு. நம் விதையின் பெருமையை நானும் மேலே பாடினேன். ஆனால் பெருமை வேறு, அளவு வேறு. 2017இல் பொலிவியா நாட்டில் 18 நோயாளிகளுக்கு வறுத்துப் பொடித்த பூனைக்காலி விதையைக் கொடுத்துப் பார்த்ததில், ஒரு வேளை மருந்தாக அது லெவோடோபாவுக்கு ஈடாக நின்றது. அதே குழுவினர் 14 பேரிடம் பதினாறு வாரம் நடத்திய அடுத்த ஆய்விலோ, ஏழு பேர் வயிற்றுத் தொல்லையாலும் அசைவு மோசமானதாலும் இடையில் நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு விதையிலும் டோபாவின் அளவு ஒன்றுபோல் இராது. கடையில் பொட்டலமாக வாங்கித் தாமே உண்பது ஆபத்து. விதையைப் போற்றுவோம், அதைத் தராசில் வைத்து நிறுக்கவும் கற்றுக்கொள்வோம். 1937இல் அந்த இரு அறிஞர்கள் செய்தது அதுதானே!

நாம் செய்யக்கூடியவை

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! இவ்வளவு பெரிய பிரச்சினையில் ஓர் அரசுக் கல்லூரியால் என்ன செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம். மூன்று காரியங்களை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, சொல்லை மாற்றுவது. கை நடுங்கும் ஒருவரைக் கண்டால் காரணம் சொல்லாமல் "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்போம். கூப்பிடு தூரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கு நரம்பியல் துறை இருக்கிறது. நோயை நிச்சயிப்பது நம் வேலையன்று. ஓய்வில் ஆடும் விரல், வீசாத கை, சிறுக்கும் எழுத்து, மெதுவாகும் அசைவு ஆகிய நான்கையும் கவனித்து அங்கே அனுப்பி வைப்பது நம்மால் முடியும்.

இரண்டாவது, கேட்பது. 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீடு தேடி வந்தே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க முடியும் என்று காட்டியது. வெல்டர், பெயிண்டர், பட்டறைத் தொழிலாளர் ஆகியோரைப் பரிசோதிக்கும்போது, விரலைத் தட்டச் சொல்லி நாலடி நடக்கச் சொல்லிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எந்திரம் வேண்டாம், செலவு இல்லை. ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து இப்பரிசோதனையை நடத்த வேண்டும் என்று அரசைக் கேட்போம்.

மூன்றாவது, எண்ணுவது. 1980களில் பம்பாயில் பார்சி மக்களின் குடியிருப்புகளில் மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 14,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். இலட்சத்துக்கு 328 பேர் என்ற விகிதத்தில் பார்க்கின்சன் நோய் அங்கிருப்பதை 1988இல் வெளியிட்டார்கள். இன்றும் உலக ஆய்வு நூல்கள் அந்த எண்ணைச் சொல்கின்றன. பார்சிகளை எண்ணியது போல் திருவொற்றியூரை ஏன் எண்ணக் கூடாது? நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மரம் நடுகிறோம், தெருவைப் பெருக்குகிறோம், நல்ல காரியங்கள்தாம். இவ்வாண்டு ஒரு முகாமையேனும், நரம்பியல் மருத்துவர்களின் வழிகாட்டலோடு, நம் வார்டுகளில் வீடு வீடாகச் சென்று கேட்கவும் எழுதவும் பயன்படுத்தினால் என்ன? எத்தனை பேருக்கு நடுக்கம், என்ன வேலை செய்தவர்கள், எத்தனை ஆண்டு செய்தார்கள், மருத்துவரைக் கண்டார்களா என்னும் நான்கு கேள்விகள் போதும். விடை என்னவாகவும் இருக்கட்டும். நம் பகுதியில் நோய் மிகுதி இல்லை என்று வந்தால் நிம்மதி. மிகுதி என்று வந்தால், அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாயிலிலும் ஆட்சியாளர் முன்னும் நாம் பேசலாம். எண் இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது.

புதிய மருந்துகள் கியோட்டோவிலும் இலண்டனிலும் ஆயத்தமாகிக்கொண்டிருக்கின்றன. என்றேனும் ஒரு நாள் அவை இராயபுரத்துக்கும் வரும். அன்று அந்த மருந்தைக் கொடுக்க நோயாளி யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டால், நம்மிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். அதை எழுதத் தொடங்குவதற்கு நோபல் பரிசு வாங்கிய அறிஞர் எவரும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பென்சிலும், தெருவில் நடப்பவரை நின்று பார்க்கும் கண்ணும் போதும்.